இல்லைன்னு கண்டுபிடிக்கிற வேலை

தொலைஞ்ச பொருளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவனுக்கு ஊர்ல மாலை போடுவாங்க. "தேடாதீங்க, தொலைஞ்சேதான் போச்சு"ன்னு கண்டுபிடிச்சுச் சொல்றவனுக்கு என்ன போடுவாங்கன்னு எங்க தொழில்ல இருந்தவங்களைத்தான் கேக்கணும்.

தொண்ணூறுகள் நடுவுல, கிழக்குத் தாம்பரத்துல ஒரு டெய்லர் கடைக்கு மேல் மாடியில எங்க லேப் இருந்துச்சு. பகல்ல ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில ஊசி குத்திக்கிட்டு, ராத்திரி காலேஜ்ல படிச்சு டிகிரி வாங்கின நான் அங்க டெக்னீஷியன். தலைமை சுகந்தி மேடம். வெளிநாட்டுல படிச்சவங்க, அதிர்ந்து பேச மாட்டாங்க. எனக்கு ஒத்தாசைக்கு எத்திராஜ். அவன் அதிராம பேசவே மாட்டான். மொத்த லேபும் நாங்க மூணு பேர்தான்.

வேலை இதுதான். சின்னப் பசங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தா, சில பேருக்கு அந்த நோய் செல்லுக்குள்ள ஒரு ஜீன் அப்படியே பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். செல்லு கண்டபடி பெருகாம பிரேக் புடிக்கிற ஜீன் அது. அது போயிட்டா நோய் முரண்டு புடிக்கும்னு டாக்டருங்க அப்பத்தான் பேச ஆரம்பிச்சிருந்தாங்க. நோய் செல்லே நிறைஞ்சு கிடக்கிற எலும்பு மஜ்ஜையில கொஞ்சம் எடுத்து எங்களுக்கு அனுப்புவாங்க. நாங்க அதுலேர்ந்து டி.என்.ஏ.வைப் பிரிச்சு, வேண்டிய துண்டை மட்டும் ஏகப்பட்ட நகல் எடுத்து, ஜெல்லுல ஓடவிட்டு, ஊதா லைட்டுல பார்ப்போம். ஜீன் இருந்தா ஒரு கோடு மின்னும். இல்லேன்னா மின்னாது.

இதுல ஒரு வம்பு இருக்கு. கோடு வரலேன்னா ஜீன் இல்லைன்னும் அர்த்தம், நாம சொதப்பிட்டோம்னும் அர்த்தம். அதனால யாருக்குமே தொலையாத இன்னொரு ஜீனையும் அதே ட்யூபுல சேர்த்துத் தேடுவோம். மேல் கோடு அதுக்கு, கீழ்க் கோடு நம்ம ஜீனுக்கு. மேல மின்னி கீழ மின்னலேன்னா, ஜீன் நிஜமாவே காணோம். இவ்வளவு தெரிஞ்சா போதும். மிச்சமெல்லாம், லேப்ல காலம் தள்ளினவங்களுக்கும் லேப் வராண்டாவுல ரிசல்ட்டுக்காகக் காத்துக் கிடந்தவங்களுக்கும் சொல்லாமலே புரியும். நாமெல்லாம் ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவங்கதானே.

வீட்டுக்காரர் இண்டர்வியூ

வேலையில சேர்ந்த புதுசுல சேலையூர்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். வீட்டுக்காரர் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். என்னை நிக்க வச்சே கேள்வி கேட்டாரு.

"என்ன உத்தியோகம்?"

"ஜீன் இருக்கா இல்லையான்னு பார்ப்போம் சார்."

"இருந்தா?"

"இருக்குன்னு சொல்லிடுவோம்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னு சொல்லிடுவோம்."

"இல்லாததை எப்படிய்யா பார்ப்பீங்க?"

"கோடு விழாது சார். விழலைங்கிறதை நல்லா உத்துப் பார்ப்போம்."

அவரு கண்ணாடியைக் கழட்டி, வேட்டி முனையில தொடச்சு, மறுபடி மாட்டிக்கிட்டு, என்னையே கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாரு. அப்புறம் உள்ள திரும்பி, காபி கலந்துக்கிட்டிருந்த அவரோட சம்சாரத்தைக் கையைக் காட்டி நிறுத்தினாரு. என்கிட்ட சொன்னாரு: "தம்பி, சம்பளம்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது தர்றாங்களா, இல்ல அதையும் உத்துத்தான் பார்க்கணுமா?"

நார்மல் ஆள்

ஒவ்வொரு தடவை டெஸ்ட் போடும்போதும், நல்லா இருக்கிற ஆளோட டி.என்.ஏ. ஒண்ணை பக்கத்துல ஓடவிடணும். ரெண்டு கோடும் ஒழுங்கா எப்படி இருக்கும்னு ஒப்புப் பார்க்க. "யாராவது நார்மல் ஆள் ரத்தம் குடுங்க"ன்னு மேடம் கேட்டாங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள எத்திராஜ் சட்டைக் கையை மடிச்சுக்கினு வந்து உட்கார்ந்துட்டான். எடுத்துப் பார்த்தோம். ரெண்டு கோடும் பளிச்சுனு இருந்துச்சு. அன்னிலேர்ந்து ஃப்ரீசர்ல ஒரு டப்பா, அதுமேல மேடம் கையால எழுதின சீட்டு: 'எத்திராஜ் – நார்மல்'.

அவனுக்கு அதுல பயங்கர கர்வம். யார் மாடி ஏறி வந்தாலும் ஃப்ரீசரைத் திறந்து காட்டுவான். ஒருநாள் அவன் சம்சாரம் கஸ்தூரி பெருங்களத்தூர்லேர்ந்து சாப்பாட்டுக் கூடையோட வந்தாங்க. அவங்களுக்கும் காட்டினான். சீட்டை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. புருஷனை மேலேர்ந்து கீழ ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையா கேட்டாங்க: "சார், அந்தச் சீட்டை ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க, எங்க அண்ணன் நம்பவே மாட்டேன்றாரு."

மூணு அண்டா

நகல் எடுக்கிறதுக்குன்னு ஒரு மெஷின் இருந்துச்சு. ட்யூபை வச்சா, கொதிக்கிற சூடு, இளஞ்சூடு, நடுத்தரச் சூடுன்னு மாத்தி மாத்திக் காட்டும். அந்தச் சூட்டுலதான் நகல் பெருகும். வேற லேப்ல பழசாகி எங்களுக்கு வந்த மெஷின். தாம்பரத்து வோல்டேஜ் பத்தி உங்களுக்கே தெரியும். சாயங்காலம் டியூப்லைட் கண் சிமிட்டும், ஃபேன் நடுவுல ஓய்வெடுக்கும். அப்படி ஒரு சாயங்காலம் மெஷின் 'டப்'னு ஒரு சத்தம் விட்டு, கொஞ்சம் புகையும் விட்டு, நிரந்தரமா ஓய்வெடுத்துக்கிச்சு.

மேடம் கலங்கலை. "மெஷின் வர்றதுக்கு முன்னாடி கையாலதான் பண்ணாங்க"ன்னாங்க. ஹீட்டர் வச்ச மூணு தண்ணித் தொட்டி மேஜை மேல ஏறுச்சு. ஒண்ணுல கொதிக்கிற தண்ணி, ஒண்ணுல வெதுவெதுப்பு, ஒண்ணுல நடுத்தரம். ட்யூபெல்லாம் ஒரு சின்னத் தட்டுல சொருகி, நானும் எத்திராஜும் மாறி மாறி இதுலேர்ந்து எடுத்து அதுல, அதுலேர்ந்து எடுத்து இதுலன்னு முக்குவோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சா காபி நேரம் தாண்டியும் நடக்கும். தோள்ல துண்டு, நெத்தியில வேர்வை, மேஜையைச் சுத்திச் சுத்தி நடை. நவக்கிரகம் சுத்தினாக்கூட அவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்காது.

கேஸ் சிலிண்டர் போட வந்தவரு ஒருநாள் வாசல்லயே நின்னு வேடிக்கை பார்த்தாரு. ஆவி பறக்குது, ரெண்டு பேர் வாயே திறக்காம குட்டித் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடறோம், ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்து "மாத்து"ன்னு சொல்றாங்க. சிலிண்டரை இறக்கி வச்சவரு போக மனசில்லாம கேட்டாரு: "எல்லாம் சரி சார், எந்த அண்டாவுல சாம்பாரு?"

தலைமேல ஃப்ளாஸ்க்

ஆயுத பூஜைக்குக் கட்டின மாவிலை இன்னும் முழுசா காயலை, அதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. அந்த மழையில மாடி ஏறி ஒருத்தர் வந்தாரு. இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தாரு, தலைமேல ஒரு ஃப்ளாஸ்க். பேரு குமரேசன், அனகாபுத்தூர்ல தறி நெய்யறவரு. அவரோட பொண்ணு வேணிக்கு ஆறு வயசு. சிட்டியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. அவ மஜ்ஜையைக் குட்டி பாட்டில்ல போட்டு, ஐஸோட ஃப்ளாஸ்க்குல வச்சு, "சூடு படாம தாம்பரம் கொண்டு போ"ன்னு குடுத்திருக்காங்க. குரோம்பேட்டை தாண்டி தண்டவாளத்துல தண்ணி, ரயில் நின்னுடுச்சு. இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டோட நடந்தே வந்திருக்காரு. வழியில ஐஸ் கரைஞ்சு போச்சேன்னு ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையில கெஞ்சி வாங்கிப் போட்டுக்கிட்டிருக்காரு. எத்திராஜ் மூடியைத் திறந்தான், மோந்து பார்த்தான், கண்ணை மூடிக்கினான். "சார், ரோஸ்மில்க்கு!"

நல்லவேளை, பாட்டில் மூடி இறுக்கமா இருந்துச்சு. உள்ள ஒண்ணும் போகலை. அவருக்கு டீ வாங்கிக் குடுத்து விஷயத்தைக் கேட்டோம். முதல் மாசம் எல்லாப் பசங்களுக்கும் ஒரே மருந்துதான், வேணிக்கும் அது அன்னிக்கே ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் சாதாரண மருந்தோட போறதா, கடுமையான மருந்துக்கு மாத்தறதான்னு டாக்டர் முடிவு பண்ணணும். மத்த ரிசல்ட்டெல்லாம் ரெண்டுங்கெட்டானா இருக்கு, எங்க ரிசல்ட்டையும் பார்த்துட்டுத்தான் முடிவுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மருந்து ஆரம்பிச்சுட்டா நோய் செல்லு குறைஞ்சிடும், மறுபடி எடுத்துப் பார்த்தா சரியா தெரியாது. அதனால இந்தக் குட்டி பாட்டில்தான் எல்லாம்.

குமரேசன் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காமலே கேட்டாரு: "சார், நீங்க தேடறது இருக்கிறது நல்லதா, இல்லாம இருக்கிறது நல்லதா? எதை வேண்டிக்கிறதுன்னு தெரியாம கோயில் வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்."

பேசாமடந்தை எத்திராஜ்

டி.என்.ஏ.வைப் பிரிச்சோம், கொஞ்சம்தான் கிடைச்சுது. அண்டாவுல முக்கி, ஜெல்லுல ஓடவிட்டு, ஊதா லைட்டைப் போட்டோம். வேணிக்கு மேல் கோடு பளிச்சுனு இருக்கு. கீழ்க் கோடும் இருக்கு, ஆனா மங்கலா. 'ஜீன் இருக்குப்பா'ன்னு எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். அப்பத்தான் மேடம் ஓரத்துல விரலை வச்சாங்க. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணி மட்டும் போட்டு ஒரு ட்யூப் வைப்போம். அதுல கோடே வரக்கூடாது. அன்னிக்கு அதுல ரெண்டு கோடும் ஜம்முனு இருக்கு. தண்ணிக்கு ஜீன் வந்துடுச்சு.

அப்படின்னா யாரோ ஒரு ஆளோட டி.என்.ஏ. துளியூண்டு எல்லா ட்யூபுலயும் விழுந்திருக்கு. வேணியோட மங்கலான கோடு வேணியோடதா, அந்த ஆளோடதா? இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா, கடும் மருந்து தேவைப்படற குழந்தைக்கு அது கிடைக்காமப் போயிடும். இருக்கிறதை இல்லைன்னு சொல்லிட்டா, தேவையில்லாம அந்த மருந்தைக் குடுத்து வதைப்பாங்க. மேடம் யோசிச்சு, "பேசறப்ப எச்சில் தெறிக்கும்"னாங்க. பெயரைச் சொல்லலை. சொல்லத் தேவையும் இல்ல. அன்னிலேர்ந்து லேபுக்குள்ள எத்திராஜ் வாயைத் திறக்கக் கூடாது, மூக்கு வரைக்கும் துணி கட்டிக்கணும்.

அவன் பட்ட பாடு பகைவனுக்கும் வேணாம். சொல்ல வேண்டியதெல்லாம் கையாலயே சொன்னான். டீ வேணும்னா ஒரு அபிநயம், கரண்ட் போச்சுன்னா ஒரு அபிநயம், நான் பண்றது தப்புன்னா ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிற அபிநயம். ரெண்டு நாள் கழிச்சு, வாரா வாரம் வர்ற கூரியர்காரர் வந்தாரு. வழக்கமா அவரை அரை மணி நேரம் நிக்க வச்சுப் பேசற ஆளு, துணியைக் கட்டிக்கினு நெஞ்சுல கை வச்சு, மேல கை காட்டி, உதட்டைத் தொட்டுக் காட்டி என்னமோ பண்றான். கூரியர்காரர் கண் கலங்கிடுச்சு. வெளியில வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாரு: "நல்லா வாயாடிக்கிட்டிருந்த மனுஷன் சார்... எப்ப ஆச்சு?"

சுத்தமான தண்ணி

ரெண்டாவது தடவை போட்டோம். மூச்சு விடற சத்தம்கூட இல்ல. லைட்டைப் போட்டா, தண்ணியில மறுபடி ரெண்டு கோடு. வேணிக்கு மறுபடி அந்த மங்கல் கோடு. அவ டி.என்.ஏ. இப்ப ட்யூப் அடியில ஒட்டிக்கிட்டிருக்கு, இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். மேடம் வாழ்க்கையில முதல் தடவையா நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டுச்சு.

அவங்க ஒவ்வொரு சாமானா கையில எடுத்துப் பார்த்தாங்க. துளித்துளியா உறிஞ்சி விடற பிப்பெட்ல காய்ஞ்ச சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். ஃப்ரீசருக்குப் பொட்டு, மூணு தொட்டிக்கும் பொட்டு, செத்துப்போன மெஷினுக்குக்கூட மறக்காம பெரிய பொட்டு. ஆயுத பூஜை அன்னிக்கு எத்திராஜ் தனியா வந்து வச்சது. "இது எதுல குழைச்சே?"ன்னு மேடம் சாதாரணமாத்தான் கேட்டாங்க. அவன் எங்க சந்தேகத்துல அவமானப்பட்டுட்டான். விரதத்தை மறந்து துணியை இறக்கி விட்டுட்டான்.

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? சாமி காரியத்துக்கு கொயா தண்ணியிலயா கொயப்பாங்க? நம்ப லேபுலயே ரொம்ப சுத்தமான தண்ணி எதுவோ, அந்த பாட்டில்லயே வெரல வுட்டு வுட்டு எடுத்துக் கொயச்சேன்!"

யாருக்குப் பிரசவம்

எல்லா ட்யூபுலயும் நாங்க கலக்கிற தண்ணி அந்தப் பாட்டில்லேர்ந்துதான். பாட்டிலையும் பிப்பெட்டையும் மூட்டை கட்டிப் போட்டோம். வேணியோட டி.என்.ஏ.வைக் கரைச்சு வச்சது வேற திரவத்துல, அது தப்பிச்சுது. புதுத் தண்ணி, புதுப் பிப்பெட் வந்துச்சு. மூணாவது தடவைக்கு மேடமே உட்கார்ந்து ட்யூபுல விட்டாங்க. கடைசிச் சொட்டு உள்ள போனதும், காலி ட்யூபை லைட்டுக்கு எதிரா தூக்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் மிச்சமில்ல.

முக்கால்வாசி முக்கி முடிச்சிருப்போம், கரண்ட் போச்சு. வெளியில மழை கொட்டுது. கொதிக்கிற தொட்டி ஆற ஆரம்பிச்சா அத்தனையும் வீண். எத்திராஜ் ஒரு அபிநயமும் பண்ணலை, ஒரே பாய்ச்சல்ல படி இறங்கினான். டெய்லர் கடைக்குப் பக்கத்துல மணி அண்ணன் டீக்கடை. அவரோட பாய்லர் கரியில எரியுது, அதுக்குக் கரண்ட் எதுக்கு? கெட்டில்ல புடிச்சுக்கினு மேல ஓடி வருவான், ஊத்துவான், கீழ ஓடுவான். மேடம் ஒரு கையில தெர்மாமீட்டர், ஒரு கையில டார்ச். "ஊத்து... போதும்... இன்னும் கொஞ்சம்." நான் தட்டைத் தூக்கி மாத்திக்கிட்டே இருக்கேன். நானும் நடுவுல ஒரு தடவை தூக்குவாளியோட ஓடினேன்.

டீக்கடையில ஒதுங்கி நின்ன கூட்டம் டீ கேக்கறதை விட்டுட்டு எங்களையே பார்க்குது. மணி அண்ணன் ஒண்ணும் கேக்காம பாய்லரைத் திறந்து விட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசி கெட்டிலை நிரப்பிக் குடுக்கும்போதுதான், மாடியை அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "வெந்நி எவ்ளோ வேணும்னாலும் தரேன் சார், ஆனா யாருக்குப் பிரசவம்னு சொல்லிடு, நம்ம வீட்டுப் பொம்பளைங்களை அனுப்பறேன்."

இல்லை

மறுநாள் கரண்ட் வந்ததும் ஜெல்லுல ஓடவிட்டு லைட்டைப் போட்டோம். தண்ணி சுத்தம், ஒரு கோடும் இல்ல. எத்திராஜுக்கு ரெண்டு கோடு. வேணிக்கு மேல் கோடு கத்தி மாதிரி, கீழ ஒண்ணும் இல்ல. மேடம் உத்துப் பார்த்தாங்க, நான் உத்துப் பார்த்தேன், எத்திராஜும் பார்த்தான். அந்த மங்கல் கோடு ரெண்டு தடவையும் அவனோடதுதான்.

குமரேசன் வந்தாரு. ரிசல்ட்டை டாக்டர்தான் விளக்கணும், ஆனா அவரு எங்க மூஞ்சியைப் பார்த்துட்டாரு. மேடம் உட்கார வச்சுச் சொன்னாங்க: நோய் செல்லுல அந்த ஜீன் போயிடுச்சு, அதனால டாக்டர் கடும் மருந்து குடுப்பாரு, முடி கொட்டும், வாந்தி வரும், ஆனா தெரிஞ்சுக்கிட்டது நல்லது. ஒவ்வொரு செல்லுலயும் எல்லா ஜீனும் ரெண்டு ரெண்டு இருக்கும், அவளுக்கு அந்த நோய் செல்லுல ரெண்டுமே போயிடுச்சுன்னு விளக்கினாங்க. அவரு தலையாட்டிக்கிட்டே கேட்டாரு. "எனக்கும் ரெண்டு இருக்கா மேடம்?"னாரு. "இருக்கும்"னாங்க. உடனே சட்டைக் கையை மடிச்சாரு. நானும் எத்திராஜும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம ஜன்னலைப் பார்த்தோம். அவரு கையை நீட்டிக்கிட்டே சொன்னாரு: "எனக்கு ஒண்ணு போதும் மேடம், தறிதானே நெய்யறேன்."

எல்லாரும் எத்திராஜைப் பார்த்தோம்

டாக்டர் கடும் மருந்தையே ஆரம்பிச்சாரு. நாலஞ்சு மாசம் போச்சு. நடுவுல குமரேசன் தாம்பரம் பக்கம் வர்றப்பெல்லாம் மாடி ஏறுவாரு, "சாப்பிடறா", "சாப்பிட மாட்டேன்றா", இந்த ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுப் போவாரு. எத்திராஜ் அவரு சொல்றதை வச்சுத்தான் அன்னிக்கு அவனே சாப்பிடுவான். ஒருநாள் மறுபடி ஃப்ளாஸ்க் வந்துச்சு. இந்தத் தடவை ரோஸ்மில்க் இல்ல, சுத்தமான ஐஸு. டாக்டர் மஜ்ஜையை மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டாரு, நோய் செல்லே கண்ணுல படலையாம். எங்ககிட்டயும் ஒரு தடவை பார்த்துடச் சொல்லி அனுப்பியிருந்தாரு.

போட்டோம். லைட்டைப் போட்டோம். வேணிக்கு மேல் கோடு இருக்கு. கீழயும் கோடு இருக்கு, மங்கலா இல்ல, நல்லாவே இருக்கு. நோய் செல்லு போய், அந்த இடத்துல நல்ல செல்லு வந்துட்டா, ஜீன் இருக்கத்தானே செய்யும்? புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா எங்க லேபுல புஸ்தகத்துக்கு முன்னாடி வேற ஒரு விதி உண்டாயிடுச்சு. மேடமும் நானும் ஒரே நேரத்துல, மெதுவா எத்திராஜ் பக்கம் திரும்பினோம். அவன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டான்.

"சத்தியமா நான் இல்ல மேடம்! தண்ணியப் பாரு, தண்ணியப் பாரு!"

வேணி மாடி ஏறி வந்தா

தண்ணியில கோடு இல்ல. அந்தக் கோடு வேணியோடதேதான். அதுக்கப்புறமும் ரொம்ப நாள் மாத்திரை, ஊசின்னு ஓடுச்சு, மேடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாதவங்க, "பார்க்கலாம், பார்க்கலாம்"னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. மருந்தெல்லாம் முடிஞ்சு, டாக்டர் "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்"னு சொன்ன அன்னிக்கு, குமரேசன் அவளைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. புதுசா முளைச்ச முடி முள்ளம்பன்றி மாதிரி நிக்குது, அதுல நிக்காத பூவைப் பின்னு வச்சுக் குத்தியிருக்காங்க. அப்பாவைப் பார்த்தாத்தான் ஒல்லியாகி நோயாளி மாதிரி இருந்தாரு.

குமரேசன் எங்களைக் காட்டி, "இவங்கதாம்மா, உன் ஜீன் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சவங்க"ன்னு அறிமுகப்படுத்தினாரு. அவ எங்க யாருக்கும் வணக்கம் சொல்லலை. நேரா மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தா. தொட்டியை எட்டிப் பார்த்தா. ஃப்ரீசரைத் திறக்கச் சொல்லி, உள்ள மூக்கை நீட்டி ஒவ்வொரு டப்பாவா பார்த்தா. எத்திராஜ் ஆசையா அவனோட சீட்டைக் காட்டினான், அதை அவ கண்டுக்கவே இல்ல. சுத்திப் பார்த்து முடிச்சுட்டு, இடுப்புல கை வச்சு, எங்க மூணு பேரையும் வரிசையா முறைச்சா. "என்னோடதை உங்ககிட்டதானே குடுத்தாங்க? இவ்ளோ சாமானை இப்டிக் கலைச்சுப் போட்டு வச்சிருந்தா எப்டி மாமா தொலையாம இருக்கும்?"

எங்க லேப் மேல எத்தனையோ பேர் எத்தனையோ புகார் சொல்லியிருக்காங்க. சொல்றதுக்கு ஆள் நேர்ல வந்து நின்னுச்சேன்னு நாங்க மூணு பேரும் சந்தோஷமா திட்டு வாங்கிக்கிட்டது அந்த ஒருத்திகிட்ட மட்டும்தான்.